மேகலாவின் பதினாறு பக்கங்கள்

பதினைந்தாம் பக்கத்தை முடித்துப் புரட்டியபோதுதான் மேகலாவுக்கு உறைத்தது, இதோடு சரி, இதற்கு அந்தப் பக்கம் வெறும் அட்டைதான் என்று. கரும்பலகைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம். மணி ஒன்று வரைக்கும் நேரம் இருக்கிறது, பத்து மார்க் கேள்வி இரண்டு இருக்கிறது, எழுதத்தான் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. இது ஒரு பெரிய விஷயமா என்றால் இல்லை. கையைத் தூக்கினால் பரீட்சை ஹாலைப் பார்த்துக்கொள்கிற மேடம் வருவார், அடிஷனல் ஷீட் என்றால் ஒன்று தருவார், நாலு பக்கம் கிடைக்கும், ஆக வேண்டியதைப் பார்க்கலாம். அந்த அறையில் பதினொன்றரையிலிருந்து அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒரு ‘மேடம் அடிஷனல்’, இங்கே ஒரு ‘மேடம் அடிஷனல்’, மழை பிடிக்கிறபோது ஓட்டு வீட்டுக்குள் முதலில் ஒரு சொட்டு, அப்புறம் வேறொரு மூலையில் ஒரு சொட்டு விழுமே, அந்த மாதிரி. மேடமும் பாவம், செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்து நடந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மேகலாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நெட்டையன், பி.காம். போலிருக்கிறது, தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறான், ஷீட் வந்து அவன் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இதை இவனுக்கு எந்த வீட்டில் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று மேகலா யோசித்தாள். சொல்லியெல்லாம் கொடுத்திருக்க மாட்டார்கள். தட்டில் தோசை தீர்ந்தபோது விரலைத் தூக்கியிருப்பான், தோசை வந்திருக்கும், தினம் வந்திருக்கும், அவ்வளவுதான். சரி, நாமும் தூக்குவோம் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. கை பேனாவைப் பிடித்தபடி டெஸ்க்கின் மேல் அப்படியே கிடந்தது, பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கி வந்த கை மாதிரி. அட, இதற்கு என்ன ஆச்சு என்று அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

நாலே நாலு மார்க். போன நவம்பரில் இதே சமூகவியல் தாளில் எழுபத்தைந்துக்கு இருபத்தாறு, முப்பது எடுத்தால் பாஸ். மற்ற எல்லாப் பாடமும் தேறியாகிவிட்டது, இது ஒன்று மட்டும் வேலி முள்ளில் மாட்டிய துப்பட்டா மாதிரி அவளைப் பின்னாலேயே இழுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இது தேறினால் பி.ஏ. முடிந்தது, ஜூனில் பி.எட்.டுக்கு விண்ணப்பம் போடலாம். தேறாவிட்டால் மறுபடி நவம்பர். நவம்பர் என்று சொல்வது சுலபம், நவம்பரில் பிள்ளையை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? மாமியார் இல்லாத வீடு. அம்மாவோ விடிந்தால் வெங்காயம் பிடுங்க எந்த ஊர் வண்டி வருகிறதோ அதில் ஏறிப் போகிறவள். இப்போது வெளியே புங்கமரத்தடியில் நாலு மாசப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் புருஷனின் அக்கா பூங்கோதை அண்ணி, துறையூரில் தையல் கடையைப் பூட்டிவிட்டு இந்த ஒரு பரீட்சைக்காக வந்தவள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். “நீ போயி எழுதிட்டு வா, இவள நான் பாத்துக்குறேன். ஆனா இது ஒருவாட்டிதான்டி. திரும்பவும் கூப்புட்டியானா என் மெஷினு துருப்புடிச்சுப் போயிரும்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் சிரிப்புக்குள்ளே ஊசி மாதிரி உண்மையும் இருந்தது. ஒன்பதரை மணிக்கு மரத்தடியிலேயே திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு மேகலா உள்ளே வந்தாள். மணி பன்னிரண்டு அடித்ததும் மார்பு இரண்டும் கல்லாகக் கனத்து, உள்ளே மடித்து வைத்திருந்த பருத்தித் துணியில் ஈரம் மெல்லப் பரவ ஆரம்பித்தது. பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது, மார்புக்கு எப்படித் தெரிகிறது என்று மேகலாவுக்கு ஆச்சரியம். இப்படி உடம்புக்குத் தானாகத் தெரிகிற விஷயம் எத்தனை, யாராவது சொல்லித் தெரிகிற விஷயம் எத்தனை, இதையெல்லாம் யாராவது பிரித்துப் பார்த்திருப்பார்களா. சமூகவியலில் அது வருமா, இல்லை வேறு பாடமா.

யாராவது சொன்னால்தான் தெரியும் என்பதற்கு ஹேமாவதி சொன்னதுதான் சாட்சி. ஹேமாவதி அவளோடு படிக்கிறவள், இரண்டு வருஷம் வீட்டிலிருந்துவிட்டு லேட்டாகச் சேர்ந்த மேகலாவை மற்றவர்கள் போலவே அக்கா என்று கூப்பிடுகிறவள். இதே தாளில் அவளுக்கு அறுபத்தெட்டு. அதில் பாதிப் பாடத்தைப் பரீட்சைக்கு முன்னால் பஸ்ஸில் போகும்போது சொல்லிக் கொடுத்ததே மேகலாதான். சொல்லிக் கொடுத்தவள் ஃபெயில், கேட்டுக்கொண்டவள் அறுபத்தெட்டு. இதில் மேகலாவுக்குப் பொறாமை வந்ததா என்றால், ஒரு ராத்திரி வந்தது, அப்புறம் எப்படி என்று தெரிந்துகொள்கிற ஆசைதான் பெரிதாகிவிட்டது. விடைத்தாளின் ஜெராக்ஸ் கேட்டு எழுதிப் போட்டால் தருவார்கள் என்று சொன்னதும் ஹேமாதான், தன்னுடையதுக்கும் சேர்த்து எழுதிப் போட்டவளும் அவள்தான். பிப்ரவரியில் பிள்ளையைப் பார்க்க வந்தபோது இரண்டையும் கொண்டுவந்தாள். பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே மேகலா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே பாயின்ட், ஒரே வார்த்தைகூட. ஆனால் ஹேமாவுடையது முப்பது பக்கம், மேகலாவுடையது பதினொரு பக்கம். ஹேமாவுடையதில் ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி வரியில் ஒரு தலைப்பு, தலைப்புக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இடம், நாலு கட்டம் போட்டு ஒரு படம். தலைப்புக்குத் தலைப்பு ஒரு டிக். மேகலாவுடையதில் ஆறு பாயின்டும் ஒரே பத்தியில் எறும்பு சாரை போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது, அந்தச் சாரையின் வாலில் ஒரே ஒரு டிக். ஹேமா ரொம்ப யோசித்துத்தான் சொன்னாள். “அக்கா, எங்கப்பா பேப்பர் திருத்தப் போவாருல்ல, ஒரு பேப்பருக்கு அஞ்சு நிமிசம் கெடைச்சாப் பெருசாம். கண்ணு தலைப்பத்தான் தேடுமாம். நீங்க ஆறையும் ஒரே மூட்டையாக் கட்டிக் குடுத்திருக்கீங்க. அவுத்துப் பாக்க அவங்களுக்கு ஏதுக்கா நேரம்?” இதை உங்கப்பா எப்போது சொன்னார் என்று மேகலா கேட்டாள். உட்கார வைத்தெல்லாம் சொல்லவில்லையாம், எப்பவோ சாப்பிடும்போது பேசிக்கொண்டிருந்ததாம். மேகலாவுக்கு அது பிடித்துப் போயிற்று. அவள் வீட்டிலும் சாப்பிடும்போது பேசத்தான் செய்வார்கள். எந்த ஆடு காலை ஊன்ற மாட்டேன் என்கிறது, எந்தக் காட்டில் வெங்காயத்துக்குக் கோழிக்கால் நோய் வந்திருக்கிறது, மோட்டார் ஏன் உறுமுகிறது. அதனால்தான் ஆட்டின் நடையைப் பார்த்தே அவளால் நோயைச் சொல்ல முடியும். ஹேமாவுக்கு அது முடியாது. அதற்கு ஒரு பரீட்சை வைத்தால் ஹேமா இருபத்தாறு வாங்குவாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் இன்னொன்றும் உண்டு. ஹேமா எப்படி வந்தாள்? ஒரே வகுப்பில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தும் ஒரு பேச்சு கிடையாது. ஹேமா முன்பெஞ்சு, மேகலா ஜன்னல் ஓரம், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யாரோடும் நின்று பேசாதவள். அப்புறம் ஏழாம் மாசம் வயிறு முன்னால் வந்துவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து ஹேமா எழுந்து இடம் கொடுத்தாள், கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள், நின்றவள் என்ன செய்வாள், பேசினாள். வயிறு இல்லையென்றால் அந்த இடம் இல்லை, இடம் இல்லையென்றால் ஹேமா இல்லை, ஹேமா இல்லையென்றால் தலைப்பும் கோடும் இல்லை. ஆக, பிறக்கிறதுக்கு இரண்டு மாசம் முன்னாலேயே மகள் அம்மாவுக்கு ஒரு சிநேகிதியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை வந்தால் படிப்பு போச்சு என்று ஊரில் சொன்னவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும், அவர்களுக்குப் புரியுமோ என்னவோ. அந்த ஹேமா சொன்னபடிதான் இன்றைக்கு எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்புக்குத் தனி வரி, அடியில் கோடு, இரண்டு வரி இடைவெளி. முதல் தலைப்பை எழுதிவிட்டு அடுத்த இரண்டு வரியைச் சும்மா விட்டபோது தண்ணீர்க் குழாயைத் திறந்து போட்டுவிட்டு நடந்து வருகிற மாதிரி முதுகு கூசியது. ஐந்தாம் வகுப்பில் வருஷம் பூராவுக்கும் ஒரே நோட்டு, முன்பக்கமிருந்து தமிழ், பின்பக்கமிருந்து கணக்கு, இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்கிற அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டாக வேண்டும். டீச்சர் அந்த நோட்டை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்குக் கைதட்டின விஷயத்துக்கு இன்றைக்கு நாலு மார்க் குறைக்கிறார்கள், டீச்சர் பொய் சொன்னாரா, இவர்கள் பொய் சொல்கிறார்களா. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் காகிதம் வேறே வேறே மாதிரி கிடைத்தது, அவ்வளவுதான். எப்படியோ, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு விடைத்தாள் தீர்ந்துபோகப் போகிறது.

நிழல் ஒன்று டெஸ்க்கின் மேல் விழுந்தது. மேடம் தானாகவே வந்து நின்றுகொண்டிருந்தார், கையில் ஷீட் கட்டு, மேகலாவின் பதினாறாம் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அடிஷனல் வேணுமாம்மா?” என்று கேட்டார். கேட்காமலே வந்து கேட்கிறார், இதைவிட என்ன வேண்டும். மேகலா நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், இடது உள்ளங்கையை விரித்து விடைத்தாளின் மேல் பொத்தினாற்போல் வைத்தாள். “போதும் மேடம்” என்றாள். மேடம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

போன பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். காகிதத்தை மூடிக்கொண்டு, ஐந்து விரலும் விரிந்து, கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தூக்கினாற்போல். இந்தக் கையை அவளுக்குத் தெரியும். இது இலையை மூடுகிற கை. ஆறு வயசில் அப்பா வேலை பார்த்த அரிசி மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணம், பந்தியில் அப்பா, அம்மா, மேகலா, தம்பி நாலு பேரும் வரிசையாக. தம்பி இன்னொரு வடை கேட்டான், சின்னப் பிள்ளை, வாய்விட்டுத்தான் கேட்டான். பரிமாறினவர் போட்டுவிட்டார், அவர் மேல் குற்றமில்லை. பின்னால் நின்ற ஒரு பொம்பளை இன்னொருத்தியிடம், இந்தப் பந்தி எழுந்த பிறகு மிச்ச வடையை வெளியே எடுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். அம்மா காதில் விழுந்தது. மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அம்மா இரண்டு பிள்ளையையும் நிற்கவைத்துச் சொன்னாள், “இனிமே எந்தப் பந்தியிலயும் அவங்க கரண்டியத் தூக்குறதுக்கு முன்னாடி உங்க கை இலை மேல இருக்கணும். போதும்னு சொல்லணும். சிரிச்சுக்கிட்டே சொல்லணும்.” சிரித்துக்கொண்டே என்பதுதான் அம்மாவின் கெட்டிக்காரத்தனம். அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் அதை ஒரு விளையாட்டாகவே விளையாடினார்கள், ஒருவன் கரண்டி, ஒருத்தி இலை, யார் கை முந்துகிறது. எப்போதும் மேகலாவின் கைதான் முந்தும். தம்பி இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறான், மற்றவர்களெல்லாம் ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்களாம், இவன் மட்டும் எனக்கு நின்று பழக்கம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறானாம். ஒரு பொம்பளை யாரிடமோ சொன்ன ஒரு வார்த்தை, அது அம்மாவுக்குள் போய், அம்மாவிலிருந்து இவள் கைக்குள் இறங்கி, பதினேழு வருஷம் கழித்து ஒரு காலேஜ் அறையில், சமூகவியல் தாளின் மேல் வந்து உட்காருகிறதே, இது எந்த வழியாக வந்தது, எங்கெல்லாம் தங்கி வந்தது. அந்தப் பொம்பளைக்கு இது தெரியுமா. அவள் பேரன் பேத்தி யாராவது இதே காலேஜில், ஒருவேளை இதே அறையில்கூட, மேடம் அடிஷனல் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர்கள் மேலும் குற்றமில்லை. யார் மேலும் குற்றமில்லாமலே நாலு மார்க் எப்படிக் குறைகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

சரி, ஒரு பக்கம் இருக்கிறதே, அதிலேயே அடக்கிவிடலாம். இரண்டு கேள்வியையும் பாதிப் பாதியாக. சிக்கனக்காரி இவள், நாலு பேருக்கு வைத்த குழம்பை ஏழு பேருக்கு நிரவுகிறவள், ஒரு பக்கத்தில் இருபது மார்க்கை நிரவ முடியாதா. பதினேழாம் கேள்வியை ஆரம்பித்தாள், கிராமச் சமுதாயத்தில் மாற்றத்துக்கான காரணங்கள். எழுதினாள். எழுத எழுதக் கை குஷியாகிவிட்டது, பழகின தடம், எழுத்து சிறுத்தது, வரி நெருங்கியது, ஓரக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் போயிற்று, மூன்று பாயின்ட் எட்டு வரிக்குள் அடங்கியது. பேனாவைத் தூக்கிப் பார்த்தாள். எறும்புச் சாரை. அதே மூட்டை. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பிள்ளை அழுதது. அவளுடைய பிள்ளையா, இல்லை ஆபீஸுக்கு வந்த யாருடையதோவா, முதல் அழுகையில் எல்லாப் பிள்ளையும் ஒன்று போலத்தான் அழும், மூன்றாவது மூச்சில்தான் குரல் பிரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மூச்சுக்குக் காத்திருந்தாள். துணி நனைந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா. எழுந்து போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பச்சைப் பிள்ளைக்காரி, பாவம் என்பார்கள், நவம்பரில் இருபத்தாறு வந்ததுக்கு எட்டு மாச வயிறு காரணம் என்று சொன்னது போல் ஏப்ரலுக்குப் பிள்ளை காரணம் என்பார்கள், நல்ல வசதியான காரணம், அவளே அதை நம்பிவிடுவாள். அதுதான் பயமாக இருந்தது, ஃபெயிலாவதைவிட. அழுகை நகர்ந்தது, மரத்தடியிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம், அப்புறம் திரும்பி இந்தப் பக்கம், ஓ, அண்ணி தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். அப்படியானால் அது அவளுடைய பிள்ளைதான், அப்படியானால் சரியாகிவிடும். சரியாயிற்று.

கண் தானாகப் பதினெட்டாம் கேள்விக்குப் போனது. குடும்பப் பின்னணியும் சமூக உறவுகளும் மாணவர்களின் கல்வித் தேர்ச்சியைப் பாதிக்கும் விதத்தை விளக்குக. காலையில் கேள்வித்தாள் வந்ததும் முதலில் இதைத்தான் பார்த்தாள், பார்த்ததும் மனசு குளிர்ந்தது, கைடில் ஐந்து பாயின்ட் இருக்கிறது, அவளுக்கு மட்டுமில்லை அவள் புருஷனுக்கே தெரியும். தனசேகர் பால் வண்டி ஓட்டுகிறவன். அவன் கேன்களை இறக்கி ஏற்றும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இவள் சத்தமாகச் சொல்லிப் படித்ததில் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது பால் சொசைட்டியில் யார் பிள்ளையாவது ஃபெயிலானால், ஒன்று பெற்றோர் கல்வி, இரண்டு வீட்டுச் சூழல், மூன்று நண்பர் குழு என்று விரல் விட்டு அடுக்குகிறானாம். நீயே போய் எழுதிவிட்டு வா என்று இவள் கேலி செய்தாள். ஆனால் இப்போது வாசிக்கும்போது அந்தக் கேள்வி வேறு மாதிரி இருந்தது, யாரோ அவளைப் பற்றி அவளிடமே விசாரிக்கிற மாதிரி. தந்தையின் கல்வி, மூன்றாம் வகுப்பு. தாயின் கல்வி, இல்லை. படிக்கத் தனி அறை, பால் வண்டியின் முன் சீட்டு. நண்பர் குழு, ஹேமா, வயிற்றின் தயவில். கைடுப்படி பார்த்தால் மேகலா தேறக் கூடாது, நெட்டையன் தேறியிருக்க வேண்டும். ஆனால் நெட்டையனும் இந்த அறையில்தானே உட்கார்ந்திருக்கிறான், இது அரியர் எழுதுகிற அறைதானே. அவ்வளவு தோசை சாப்பிட்டும் ஏன் வந்தான்? கேட்டதெல்லாம் வந்த வீட்டில் இந்தப் பி.காமை அவன் கேட்டானா, இல்லை அதுவும் முழங்கைப் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டதா. முதுகைப் பார்த்தால் எழுதுகிறவன் முதுகாக இல்லை, ஷீட்டை நிரப்புகிறவன் முதுகாக இருந்தது. கைடில் இது எந்த பாயின்டில் வரும்? எதிலும் வராது. கைடு எழுதினவர் எந்த வீட்டில் என்ன சாப்பிட்டபடி எழுதினாரோ. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, இவ்வளவு இருக்கிறதே என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது, சொல்லத்தான் இடம் இல்லை, பதினாறாம் பக்கத்தில் அடியில் பதினொரு வரி. பன்னிரண்டு இருபத்தைந்து.

கையை எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் முழங்கை வரைக்கும் போயிற்று, அங்கே கொஞ்ச நேரம் நின்றது, தலைமுடியைக் கோதிக்கொள்கிற சாக்கில் திரும்பி இறங்கப் பார்த்தது, அவள் விடவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார், கையைப் பார்க்கவில்லை, ஆகவே வாயையும் திறக்க வேண்டியதாயிற்று.

“மேடம், அடிஷனல்.”

சத்தம் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. மேடம் வெறுங்காலோடு வந்தார். “இப்பதானம்மா போதும்னே?”

“அது பழக்கத்துல சொன்னது மேடம்” என்றாள் மேகலா. காது இரண்டும் சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று, “ரெண்டாக் குடுத்துருங்க மேடம்” என்று சேர்த்துச் சொன்னாள்.

மேடம் அவளை ஒரு கணம் பார்த்தார், நனைந்த துப்பட்டாவையும் பார்த்திருப்பார். “ஒண்ணு ஒண்ணாத்தாம்மா குடுக்கணும். முடிச்சுட்டுக் கேளு. எத்தன தடவ கேட்டாலும் வர்றேன், எனக்கு வேற என்ன வேலை” என்று சொல்லிவிட்டு ஷீட்டின் மூலையில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார். மிச்சத்தை அப்புறம் வெளியே எடுங்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நெட்டையன்கூடத் திரும்பவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது மேகலாவுக்கு, இவ்வளவுதானா, இதற்கா பதினேழு வருஷம். புது ஷீட்டில் கை வைத்தபோது அது மேடத்தின் கைச்சூடோடு இருந்தது. எட்டு வரிக்குள் திணித்த மூன்று பாயின்டையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தனித்தனித் தலைப்பாகப் பிரித்து எழுதினாள், கோடு போட்டாள், இடம் விட்டாள், முதுகு கூசியது, கூசக் கூச விட்டாள். பதினேழு முடிந்து பதினெட்டை ஆரம்பித்தாள். பெற்றோர் கல்வி. வீட்டுச் சூழல். நண்பர் குழு என்ற தலைப்புக்குக் கீழே கைடில் இருக்கிறபடி நாலு வரி எழுதிவிட்டு, சில சமயம் ஒரு பஸ் பயணத்தில் கிடைக்கிற ஒரு சிநேகிதம், ஒரு குடும்பத்தில் மட்டும் புழங்கிய செய்தியை இன்னொரு குடும்பத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்று தன் கையிலிருந்து ஒரு வரி போட்டாள். ஷீட் தீர்ந்தது. பன்னிரண்டு நாற்பத்தேழு. இரண்டாவது தடவை கை கொஞ்சம் சீக்கிரம் மேலே போயிற்று. மேடம் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார். நான்காவது பாயின்ட் எழுதினாள், ஐந்தாவது எழுதினாள். கைடு அங்கே முடிகிறது. ஆறு நிமிடம் மிச்சம். பேனா நிற்கவில்லை. இரண்டு வரி விட்டு, தனி வரியில், கேட்டுப் பெறும் பழக்கம் என்று ஆறாவதாக ஒரு தலைப்பு எழுதினாள், அடியில் கோடு போட்டாள். சில குடும்பங்களில் பிள்ளைகள் வேண்டியதைக் கேட்கக் கற்கிறார்கள், சில குடும்பங்களில் வேண்டாம் என்று சொல்லக் கற்கிறார்கள். இரண்டுமே அன்பினால் சொல்லிக் கொடுக்கப்படுவதுதான். ஆனால் பரீட்சை முதல் வகைக்கு மட்டுமே இடம் கொடுக்கிறது. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தாள். திருத்துகிறவர் யாரோ, எந்த ஊரோ, ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை இங்கே வைப்பாரா. டிக் போடுவாரா, இல்லை இது எந்தக் கைடில் இருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டிச் சிரிப்பாரா. சிரித்தாலும் சரி, இங்கே கொஞ்சம் நின்றுதானே சிரிக்க வேண்டும்.

மணி அடித்தது. நூலைக் கோத்துக் கட்டுங்கள், எழுதாத பக்கம் இருந்தால் குறுக்குக் கோடு போட்டுவிட்டுக் கொடுங்கள் என்று மேடம் சொல்லிக்கொண்டே வந்தார். மேகலா புரட்டினாள். இரண்டாவது ஷீட்டில் இரண்டு பக்கம் வெள்ளையாக இருந்தது. சுத்த வெள்ளை, ஒரு சுருக்கம் கிடையாது, ஃபேன் காற்றில் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. இதை என்ன செய்வது. கிழித்துத் திருப்பித் தர முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கேட்டு வாங்கி, மிச்சமும் வைத்து, அந்த மிச்சத்தைத் தன் கையாலேயே அடிக்கவும் வேண்டும். தன் வாழ்நாளில் அவள் ஒரு வெற்றுத்தாளை அடித்ததில்லை. மேடம் இரண்டு வரிசை தள்ளி வந்துவிட்டார். வெளியே அண்ணியின் குரல் பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, வந்துருவா, இதோ வந்துருவா என்பது போல. மேகலா ஸ்கேலை எடுத்து மூலைக்கு மூலை வைத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கோடு நடுவில் ஓரிடத்தில் நடுங்கியிருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். இந்தத் தடவை ஸ்கேலை எடுக்காமலே இழுத்தாள்.